தங்கச்சி எடுத்த துப்பாக்கி

என் தங்கச்சி கைத்துப்பாக்கி வாங்கியபோது நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். துப்பாக்கியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கடையிலேயே கத்தினேன். இன்றைக்கும் யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் முதலில் அந்தக் கடையில் நடந்ததைத்தான் சொல்லுவேன்.

அவள் புருஷன் செத்த பிறகு மேக்கரைப் பக்கம் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பை அவள்தான் பார்க்கிறாள். மேலே ஓடை, ஓடையிலிருந்து தோப்புக்கு ஒரு குழாய். குழாயை வெட்டினால் தோப்பு காயும், தோப்பு காய்ந்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்கு ஓடிவிடுவாள் என்பது அவள் கொழுந்தன் போட்ட கணக்கு. ரெண்டு தடவை வெட்டினான். காவலுக்குக் கிடந்த நாய்க்கு விஷம் வைத்தான். பிறகு ஆளோடு வந்து, "தனியா கெடக்கே மதினி, எது வேணும்னாலும் நடக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அவள் லைசென்ஸுக்கு அலைய ஆரம்பித்தாள். போன இடத்தில் ஒருவர், "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டிருக்கிறார். "ஆம்பளைக்கு எதுக்கோ அதுக்குத்தான் சார்" என்று சொன்னாளாம். அவள் அப்படித்தான்.

லைசென்ஸ் கிடைத்ததும் மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரே துப்பாக்கியில் ரெண்டு மாதிரி எடுத்து வைத்தார். ஒன்றில் பக்கவாட்டில் சேஃப்டி உண்டு. அதைப் பூட்டினால் ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது. இன்னொன்றில் சேஃப்டி கிடையாது. அதே இடத்தில் வேறொரு நெம்பு இருந்தது. குண்டை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியல் பின்னால் இழுபட்டு நிற்கும்போது, அதைக் குண்டு வெடிக்காமல் கீழே இறக்கிவிடுகிற நெம்பு. டீகாக்கர் என்றார். சுத்தியல் இறங்கியிருக்கும்போது முதல் குண்டுக்கு ட்ரிகரை நல்லா வலித்து இழுக்க வேண்டும், அதனால் தெரியாமல் விரல் பட்டால் வெடிக்காது.

"சேஃப்டி இல்லாததை மனுசன் வாங்குவானா? பூட்டு உள்ளதை எடு" என்றேன்.

அவள் ரெண்டையும் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தாள். சேலைக் கடையில் கூட அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. பூட்டு உள்ளதை நீட்டிப் பிடித்து ட்ரிகரை இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். பூட்டைத் திறக்க மறந்திருந்தாள்.

"பூட்டைத் தள்ளிட்டு இழுக்கணும்ட்டி. பழகினா தானா வரும்" என்றேன்.

"நீ சுத்தி பத்துப் பேரு நிக்கையில பழகுனே. நான் ஒத்தையில நிக்கணும்லா? அந்த நேரத்துல இது ஞாபகம் வருமா?"

"கொண்டா இங்கன" என்று பிடுங்கி, பூட்டை நானே ஒரு தள்ளு தள்ளி, "இப்பப் பூட்டியாச்சு. பாரு, வெடிக்காது" என்று சுவரைப் பார்த்து இழுத்தேன். டக்கென்று சுத்தியல் அடித்தது. குண்டு இல்லாத துப்பாக்கி, அதனால் சுவர் தப்பியது. வேறு மாதிரித் துப்பாக்கியில் பழகிய கை, பூட்டைத் திறக்கிற பக்கம் தள்ளியிருக்கிறது.

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சிரிக்கக்கூட இல்லை. "பட்டாளத்துக்காரனுக்கே இது கதின்னா எனக்கு எப்படிண்ணே? இதைக் கொடுங்க சார்" என்று டீகாக்கர் உள்ளதைக் காட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த சாரல் காலம். குற்றாலத்தில் அருவிக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம் அவள் போன் பண்ணினாள். "அண்ணே, குழாய்கிட்ட வந்திருக்கான். ரெண்டு ஆளும் இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். கூட்டத்துக்குள் பைக்கை நுழைத்து, வழியில் நின்றவனையெல்லாம் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மோட்டார் அறை வாசலில் நனைந்துபோய் நின்றாள். கையில் துப்பாக்கி. சுத்தியல் பின்னால் இழுபட்டு நின்றது. அந்த நிலையில் விரல் லேசாகப் பட்டாலே வெடிக்கும். பத்தடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன், கையில் வெட்டரிவாள். ஆட்கள் ரெண்டு பேரும் ஏற்கெனவே வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா பயங்காட்டுதா" என்றான் கொழுந்தன்.

"இன்னும் ஒரு எட்டு வச்சுப் பாரு" என்றாள்.

அவன் வைக்கவில்லை. அரிவாளைப் போட்டான். கையைத் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வேலிக்குப் போனான்.

நான் பயந்தது அதற்குப் பிறகுதான். அவள் கை மழையில் நனைந்து வெடவெடவென்று ஆடியது. பூட்டு மட்டும் இருக்கிற துப்பாக்கியாக இருந்திருந்தால், பூட்டினாலும் சுத்தியல் இழுபட்டே நிற்கும்; அதை இறக்கப் பூட்டைத் திறந்து, கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை இழுக்க வேண்டும். அந்தக் கையால் அது நடக்காது. வழுக்கினால் குண்டு போகும். வேலியைத் தாண்டத் திரும்பி அவன் முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் துப்பாக்கியை மண்ணைப் பார்த்துத் திருப்பினாள். ட்ரிகரிலிருந்து விரலை எடுத்து நெம்பை அமுக்கினாள். டக். சுத்தியல் இறங்கியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கே கொழுந்தன் சுட்டுவிட்டாள் என்று வேலியோரத்து வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே கிடந்த அரிவாளை எடுத்தேன். அவன் வீட்டுக்கே போய் இழுத்துப் போட்டு வெட்டியிருப்பேன். பொய் சொல்லவில்லை.

"எங்க போறே?"

"நீ சும்மா இரி. அவனை இன்னைக்கு..."

"கீழ போடுண்ணே."

"ஏட்டி, உன்னைக் கொல்ல வந்தவன்லா!"

"எனக்குத் தெரியாதா? சுட எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. சுடாம இறக்கிட்டேன். நீ போயி வெட்டுனா நான் இறக்குனதுக்கு என்ன அர்த்தம்?"

சேலை முழுக்கச் சேறு. ஒரு கையில் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல், தான் துப்பாக்கியைத் தூக்கியதையும் சேர்த்துச் சொன்னாள்.

நான் அரிவாளைக் கீழே போட்டேன். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போட்டேன்.