பிறை தள்ளிவைத்த கச்சேரி

மக்காள், நேற்று மூத்தவள் போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ ஒரு வெளிநாட்டில் நடக்கப்போகும் பாட்டு விழாவின் நோட்டீஸ். மேலே ஒரு குழுவின் பெயர் பலகை எழுத்துப் போலப் பெரிதாக இருந்தது. கீழே போகப்போக எழுத்துச் சிறுத்து, கடைசி வரியில் இருந்த பெயர்களை மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதைப் போலக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"மேல இரிக்கிற ஆக்கள் முந்தியே பிரிஞ்சு போனவங்க வாப்பா. இப்ப மறுகா சேந்திருக்காங்களாம். அதான் அவ்வளவு பெருசு. ரெண்டாவது ஆக்கள் போன வருசம் வாற எண்டு சொல்லிப்போட்டுத் தள்ளிவெச்சவங்க. ஆரப் பெருசாப் போடுற, ஆரச் சின்னனாப் போடுற எண்டு ஆர் வாப்பா முடிவெடுக்கிற?"

வெளிநாட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பத்தாம் வகுப்போடு நின்று ஓட்டோ ஓட்டுகிறவன். ஆனால் நமது விளையாட்டுக் கழகத்தில் போன நோன்புப் பெருநாளைக்கு அந்த முடிவை எப்படி எடுத்தோம் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நீங்கள் பெரும்பாலும் மேடையில் நடந்ததைத்தான் கண்டீர்கள். மேடைக்கு வெளியே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் உங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஸாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியும். நான் உங்கள் உம்மாவைக் கலியாணம் முடித்த காலத்தில் அவர் இந்தக் கரை முழுவதும் பேர் எடுத்த பாட்டுக்காரர். அவருடைய குழுவில் ஓர்கன் வாசித்தவர் காரைதீவைச் சேர்ந்தவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மாமா பாட மாஸ்டர் வாசித்தால், கலியாண வீட்டில் சோறு வைத்த பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

அவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கல்முனையில் ஒரு பெரிய கச்சேரிக்கு ஆயத்தம் செய்தார்கள். மேடை கட்டிய அன்றே மாரி மழை கொட்டியது. மைதானம் குளமாகிவிட்டது. "திகதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தத் திகதியை யாரும் அறிவிக்கவில்லை. மாஸ்டர் சொல்லட்டும் என்று மாமா இருந்தார். மாமா கேட்கட்டும் என்று மாஸ்டர் இருந்தார். அப்படி இருக்கும்போதே மாஸ்டர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. கதைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாமா மேடை ஏறவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள். பின்னணி இசையைப் போனில் போட்டு அதற்கு மேலே பாடச் சொன்னார்கள். "செத்த மெசினுக்கு முன்னால நிண்டு பாடுறதுக்கு நான் என்ன கிளியா?" என்று விடுவார். துணி அளக்கும்போது மட்டும் வாய்க்குள் முணுமுணுப்பார். ஒருநாள் ஓட்டோவில் என்னிடம் சொன்னார்: "மச்சான், தொண்டை தேயுது. அந்த ஒரு கச்சேரிய மாஸ்டரோட பாடி முடிக்காம இந்தக் குரல் போயிரும் போல இரிக்கி." பகிடியாகச் சொல்லவில்லை.

போன நோன்பு தொடங்கும்போது கழகத்தில் கூட்டம் வைத்தோம். பெருநாள் இரண்டாம் நாள் கலை நிகழ்ச்சி. பின்னேரத் தொழுகையான அசருக்குத் தொடங்கி, பொழுதுபடும் மஃரிபுக்கு நிறுத்தி, இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு மீண்டும் தொடங்கி நேரத்தோடு முடிப்பது என்று பள்ளிவாசல் நிருவாகத்தோடு பேசியிருந்தோம். இஷாவுக்குப் பிறகு முதலில் ஏறுகிறவர்தான் 'மெயின் ஐட்டம்'. சனம் சாப்பிட்டுவிட்டுப் பாய்களோடு வந்து உட்காருகிற நேரம் அது. அந்த இடம் யாருக்கு என்பதுதான் கதை.

கொழும்புக் குழு ஒன்றைச் சிலர் சொன்னார்கள். அந்தக் குழு அதற்கு முன்பு இரண்டு ஊர்களுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் தள்ளிவைத்திருந்தது. "அவங்க வாற வரைக்கும் நாம கதிரையப் பாத்துக் கைதட்டுறதா?" என்று ஒருவர் கேட்க, அது விழுந்துபோனது. பாலமுனைப் பெடியன்கள் குழுவை இளம் பிள்ளைகள் சொன்னார்கள். போனைத் திறந்தால் அவர்களின் பாட்டுத்தான். அப்போது கழகச் செயலாளர் எழும்பினார். "மாஸ்டர் தங்கச்சிர மகள்ர கலியாணத்துக்குக் கனடாவில இருந்து வாறாராம். அவரையும் நம்மட பாட்டுக்காரரையும் சேத்துப் போடுவமே. அந்த ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்கிறதப் பாக்கவே சனம் வரும்."

"நிண்டாக் காணுமா? பாடவும் வேணுமே!" என்று ஒரு பெடியன் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் முடிவு வரவில்லை. "ஓட்டோக்காரர், நீங்க ஊரெல்லாம் ஓடுறீங்க, சனத்தக் கேட்டிட்டு வாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு கிழமை, ஹயர் வந்த எல்லோரிடமும் கேட்டேன். ஆண்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பெண்கள் பெயரே சொல்லவில்லை. சந்தையில் ஏறிய ஒரு உம்மா, "ஆரு பாடினாலும் எங்களுக்கு என்ன தம்பி? இஷாவுக்குப் பொறகு எண்டா, பேரப்பிள்ளையப் படுக்கவெக்கிறதா, பாட்டுக் கேக்கிறதா?" என்றார். மாமாவும் மாஸ்டரும் சேர்கிறார்களாம் என்று சொன்னதும் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்வே! எண்ட கலியாணத்துக்கு அவங்கதான் பாடின. மெய்தானா?" இறங்கும்போதும் மெய்தானா என்றுதான் கேட்டார். இதே போலப் பலர். நான் போய்ச் சொன்னேன். முடிவாகிவிட்டது.

மாஸ்டருக்குச் செயலாளர்தான் தொலைபேசியில் பேசினார். அவர் திகதி கேட்டார். இவர் கலண்டரைப் பார்த்து ஒரு திகதி சொன்னார். மாஸ்டர் அதற்கு அடுத்த நாள் பின்னேரம் ஊரைவிட்டுப் புறப்படுவது போல விமானச் சீட்டு எடுத்துவிட்டார். பிறை கண்டுதான் பெருநாள், கலண்டர் பார்த்துச் சொல்ல முடியாது என்பது நமது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நோன்பு இருபத்தொன்பதில் முடிந்தால் எல்லாம் சரி. முப்பதாகப் போனால் மாஸ்டர் விமான நிலையத்துக்கு ஏறும் வேன் புறப்படும் நாளும் நமது நிகழ்ச்சி நாளும் ஒன்று. இது விளங்கியபோது பெயர்ப் பலகையும் தொங்கவிட்டாயிற்று.

பிறை பார்க்கும் நாள் மாமா என் ஓட்டோவில் ஏறினார். நமக்குக் கடல் கிழக்கே, பிறையோ மேற்கே. ஆகவே சவளக்கடைப் பக்கம், வயல் திறந்து கிடக்கும் இடத்துக்குப் போனோம். வரம்பு நெடுக ஆட்கள். அங்கே நின்ற புடைவைக் கடைக்காரர்களுக்கு மாமாவைக் கண்டதும் சந்தோசம்.

"வாங்க காக்கா! முகில் நல்லா மூடியிரிக்கி. இன்னும் ஒரு நாள் யாவாரம் நமக்கு!"

மாமாவும் வருடா வருடம் அதைத்தான் விரும்புவார். பெருநாளுக்கு முதல் நாள் யாவாரம் என்றால் சும்மாவா? அன்று மட்டும் அவர்களை முறைத்தார். "யாவாரமாம் யாவாரம். வானத்தப் பாருங்கடாப்பா, வாயப் பொத்திட்டு."

"காக்காக்கு என்ன புடிச்சி? கடையில துணி முடிஞ்சி போச்சா?"

மாமா வரம்பில் நுனிக்காலில் நின்று, முகிலுக்குள் இருந்து பிறையை இழுத்து எடுப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறை தெரியவில்லை. வேறெங்கும் தெரியவில்லை என்று வானொலியும் சொல்லிவிட்டது. நோன்பு முப்பது. திரும்பி வந்ததும் மாமா வீட்டு வாசலில் இறங்கி, "அண்டைக்கு மழை, இண்டைக்கு முகில்" என்று மட்டும் சொன்னார்.

இரவு தறாவீஹ் தொழுகை முடிந்ததும் செயலாளர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். மூத்தவளும் அப்போது பக்கத்தில் இருந்தாள். அவள் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

"மாஸ்டர்ர வேன் எத்தினை மணிக்கு?"

"மஃரிபுக்கு முன்னுக்கு."

"அப்ப அசருக்குப் பாடச் சொல்லுங்களேன்!"

"மெயின் ஐட்டத்த முதல்ல விடுறதா? பிறகு ஆர், மகள், காத்திட்டு இரிப்பாங்க?"

"பாலமுனைக் குழு இஷாவுக்குப் பொறகு பாடட்டும். எங்கட வகுப்பு முழுக்கக் காத்திட்டு இரிக்கும்."

செயலாளர் தலையைச் சொறிந்தார். எனக்குச் சந்தையில் ஏறிய உம்மா நினைவுக்கு வந்தார். பிள்ளைகள் படுக்காத நேரம் அசர்தானே! உடனே மாஸ்டருக்கு எடுத்தோம். "வெயில் எண்டாலும் பரவாயில்ல. கறுப்புக் கட்டை எது, வெள்ளைக் கட்டை எது எண்டு தெரிஞ்சாக் காணும்" என்றார். பாலமுனைப் பெடியன்கள்தான் பயந்தார்கள். "அவங்களுக்குப் பொறகு நாங்க பாடுறதா காக்கா? எங்கள அடிக்க மாட்டாங்களா?" மாமாவிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் கடையில் சாரன் மடித்துக்கொண்டிருந்தார். "வெளிச்சம் போடாத மேடையா?" என்றார். மடித்த சாரனை அடுக்கிவிட்டு, "போடாட்டிப் போகுது" என்றார்.

பெருநாள் இரண்டாம் நாள் அசர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போனால், வழமையாக ஆண்கள் மட்டும் அங்குமிங்கும் நிற்கும் அந்த நேரத்தில், குடைகள். எங்கு பார்த்தாலும் குடைகள். பெருநாள் உடுப்போடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். தன் கலியாணத்துக்கு இவர்கள் பாடினதாகச் சொன்ன உம்மாவும், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் மாஸ்டரின் ஆட்கள் வந்திருந்தார்கள். மைதான ஓரத்தில் அவருடைய வேன் கூரையில் பெட்டிகளைக் கட்டியபடி நின்றது.

இரண்டு பேரும் மேடைக்குப் பின்னால்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகு சந்தித்தார்கள். கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்தேன்.

"நரைச்சிப் போனாய் மச்சான்" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு நரைக்கிறதுக்குத் தலையில என்ன இரிக்கி?" என்றார் மாமா.

"எத்தினை கட்டையில பாடுற இப்ப?"

"ரெண்டு குறைச்சி வாசிங்க."

"ரெண்டா? கிழவன் ஆகிட்டாய்."

அவ்வளவுதான் பேச்சு. மேடைக்கு ஏறினார்கள். மாஸ்டர் முன்னிசை வாசித்தார். மாமா எடுக்க வேண்டிய இடம் வந்தது. அவர் எடுக்கவில்லை.  மாஸ்டர் ஒன்றும் நடக்காதவர் போல அதையே திரும்ப வாசித்தார். அப்போதும் மாமா வாய் திறக்கவில்லை.  மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டே மாஸ்டர் தன் மைக்கில் சொன்னார்: "மச்சான், வேன் காத்திட்டு நிக்கிது. பாடு."

மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. மாமாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடேயே பாட்டை எடுத்தார்.

குரல் பழைய குரல் இல்லை, மக்காள். நான் பொய் எழுத மாட்டேன். மேலே போகும் இடங்களில் கரகரத்தது. ஆனால் மாஸ்டர் அந்த இடங்களுக்கு முன்னாலேயே போய் நின்று, இவரைக் கையைப் பிடித்து ஏற்றுவது போல வாசித்தார். மழையில் நின்றுபோன அந்தக் கச்சேரிக்கென்று கட்டிய பாட்டுகளை ஒன்றுவிடாமல் பாடினார்கள். குடைகள் தாளத்துக்கு ஆடின. பாலமுனைப் பெடியன்கள் போனில் படம் பிடிப்பதை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேன்காரர் ஹோர்ன் அடித்தார். ஒரு பாட்டு என்றார்கள். மறுபடி அடித்தார். இன்னும் ஒரு பாட்டு என்றார்கள். கடைசியில் மாஸ்டரின் மனைவி வேனிலிருந்து இறங்கி வந்து மேடைக்குக் கீழே நின்று மணிக்கூட்டைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

மஃரிப் தொழுகை முடிந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. மாமி மைதானத்தைச் சுற்றித் தேடினார். "இந்த மனிசன் எங்க போய்த்தார்? செருப்பும் மேடைக்குப் பின்னால கிடக்கு!" எங்களுக்கும் தெரியவில்லை. இஷாவும் முடிந்தது. பாலமுனைப் பெடியன்கள் மேடை ஏறினார்கள், மூத்தவளின் வகுப்பு முழுக்கக் கத்தியது. அப்போதுதான் என் போன் அடித்தது.

"மச்சான், நாங்க மகாஓயாவுல நிண்டு பிளேன்டீ குடிக்கிறம்."

"நாங்க எண்டா ஆரு?"

"நான், மாஸ்டர், அவர்ர குடும்பம். கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் போயிட்டு வாறன். அவளுக்குச் சொல்லுங்க."

மாமி போனைப் பறித்தார். "உங்களுக்குப் புத்தி இரிக்கா? செருப்பில்லாம, மாத்திக்கட்டச் சாரன் இல்லாம..."

மற்றப் பக்கம் மாஸ்டரின் குரல் கேட்டது. "தங்கச்சி, கோவிக்காதீங்க. ரெண்டாவது பாட்டுல ஒரு இடம் பிழைச்சிட்டார். அத வேனுக்குள்ள திருத்திக் குடுத்து, நாளைக்குப் பஸ் ஏத்திவிடுறன். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பாட வேணுமே. அதுக்கெண்டாப் பிறை பாத்த பொறகும் நான் சீட்டெடுக்கப் பத்து நாள் கிடைக்கும்."

மாமி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அங்கே மாமா அந்த இடத்தைப் பாடத் தொடங்கிவிட்டார், தேநீர்க் கடையில் நின்றபடியே. மாஸ்டர் மேசையில் தட்டும் சத்தமும் கேட்டது.

"மைனி, போனத் தாங்களன்" என்று மாமியிடம் கேட்டேன்.

"சும்மா இரிங்க" என்று, மாமி மணலில் விரித்திருந்த நமது பாயில் உட்கார்ந்தார். மேடையில் பெடியன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமி ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை வைத்திருந்தார்.