மண்ணிறங்காத மேகம்

என் மேசை இழுப்பறையில் ஒரு அரைத்தாள் கிடக்கிறது. நீல மையில் டீச்சரம்மாவின் குண்டு எழுத்து. கடைசி வரியின் குறுக்கே என் பென்சில் கோடு. அந்தக் கோட்டைப் போட்ட என் கையை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அப்போது யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக அச்சகம் வைத்திருந்தேன். எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு வருஷம் ஒரு புதுப்பாட்டு பாடுவோம். எழுதுவது மிஷன் பள்ளி டீச்சரம்மா, அச்சடிப்பது நான். அவர் பாட்டில் ஆண்டவருக்கு முன்னால் மேற்கு மலை வந்துவிடும். அவர் கணவர் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தார். கடிதம் ஒழுங்காக வந்த வருஷம் பாட்டில் ஓடை கரைபுரளும்; தாமதப்பட்ட வருஷம் ஓடையில் மணல் தெரியும். சபையார் அதைக் கேட்டே அவர் வீட்டு நிலவரத்தைப் புரிந்துகொள்வார்கள். மகா புத்திசாலியான எனக்கு மட்டும் எழுத்துப்பிழைதான் கண்ணில் படும்.

பர்மாவில் சண்டை மூண்டதும் கடிதம் நின்றுபோனது. அந்த வருஷப் பாட்டு, “மலைமேல் நின்ற மேகம் மண்ணிறங்கவில்லையே” என்று முடிந்தது. வெளியிலோ நல்ல மழை. கூமாப்பட்டிப் பக்கம் கண்மாயெல்லாம் நிரம்பி வழிகிறது. பண்டிகையும் அதுவுமாக இதென்ன ஒப்பாரி என்று எனக்கு எரிச்சல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், “மண்ணிறங்கி வந்ததே” என்று எழுத்துக் கோத்து அடித்துவிட்டேன்.

நெற்கதிரும் வாழைத்தாரும் வைத்த பீடத்தின் முன் சபை பாடியது. கடைசி வரியில் எல்லார் குரலும் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டு முடிந்ததும் பெண்கள் டீச்சரம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த அவர் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

“ஏட்டி, எம்மவன் கடுதாசி போட்டுட்டானா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

டீச்சரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வரல அத்தை. அச்சுல பிசகிருச்சு.”

அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது டீச்சரம்மா கோபப்படக்கூட இல்லை. “ஒங்களுக்கு மழை பேஞ்சிருச்சுங்கய்யா. எனக்கு இன்னும் பேயலையே” என்றார்.

மறுநாள் அசல் வரியோடு ஒரே ஒரு தாள் அடித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தார். கதவைத் திறந்த மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. என் கையிலிருந்த தாளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வந்துருச்சாய்யா? செத்த வாசிச்சுச் சொல்லுங்க.”

தாளை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதற்குப்பின் டீச்சரம்மா பாட்டு எழுதவில்லை. கடிதமும் வரவேயில்லை. இன்று மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நீல மை அரைத்தாளுக்கு அடியில், யாருக்கும் வாசித்துக் காட்டாத அந்த அச்சுத்தாளும் மடித்தபடியே இருக்கிறது.