போஞ்சி லொறிக்கு, ரொட்டி பிள்ளைக்கு

பிள்ளைகளே, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் போஞ்சி, கரட் என்று மரக்கறி போட்டு, சந்தைக்குப் போகும் லொறிக்கு விற்கிறேன். போன மாதம் என் மகள் வயிற்று வலியில் சுருண்டுவிட்டாள். பல நாளாக வெளிக்கே போகவில்லையாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன சாப்பிடுற மகள்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரொட்டி, சம்பல்."

"மரக்கறி?"

"அது லொறிக்குங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "வெறும் கோதுமை மா குடல்ல இறுகி நின்னுடும். மரக்கறியிலயும் பழத்துலயும் இருக்கிற நார்தான் தண்ணியைப் பிடிச்சு, மலத்தை இளக்கித் தள்ளும். தினமும் கொடுங்க."

மறுநாள் லொறிக்காரர் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். "என்னண்ணே, குறையுது?"

"பிள்ளைக்கு எடுத்துட்டேன்."

"தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்குண்ணே போஞ்சி? ரொட்டி இறங்காதா?" என்று சிரித்தார்.

"இறங்குது தம்பி. வெளியே வரத்தான் மாட்டேங்குது!"

அவர் வாயால் சொன்னதை இத்தனை வருஷமாக நான் கையால் செய்திருக்கிறேன். அதுதான் அதிகமாகச் சுட்டது. நாம் விளைவித்ததை நம் பிள்ளை தின்றால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் லொறி ஹோர்ன் அடித்தால், என் மகள் கொய்யாப்பழத்தைக் கடித்தபடியே கத்துகிறாள்: "இருங்க! அப்பா இன்னும் எங்களுக்குப் பறிக்கிறாரு!"