முதலில் வந்து நிற்கும் மைத்துனன்

தம்புசாமி அண்ணன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது. தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் மூலைவீடு அவருடையது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கானோப்பி கூடாரமும் மேசை நாற்காலியும் அவரிடம்தான் வாடகைக்கு எடுப்போம். அவர் போடும் கூடாரம் எந்த மழைக்கும் அசையாது. மைத்துனன் கார்த்திகேசு நன்றாக இருக்கிறான் என்று யாராவது சொன்னால் மட்டும் மனிதர் ஆடிப்போவார்.

கார்த்திகேசு, அண்ணன் மனைவி உஷாராணி அக்காவின் தம்பி. பள்ளி முடித்த கையோடு அண்ணனின் லோரியில் ஏறி, கம்பி தூக்கி, கயிறு கட்டித் தொழில் பழகியவன். பிறகு பக்கத்து ஊரான கிள்ளானில் அதே தொழிலைத் தனியாகத் தொடங்கினான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று கொஞ்ச நாள் புலம்பிவிட்டு அண்ணன் அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வெப்சைட் விஷயம்தான்.

அண்ணனும் ஒரு வெப்சைட் வைத்திருந்தார். அதன் பெயர் குலதெய்வத்தில் தொடங்கி, அப்பா இராமலிங்கத்தில் இளைப்பாறி, 'அண்ட் சன்ஸ்' என்று போய் முடியும். சாமி பேரும் அப்பா பேரும் இல்லாமல் எந்தத் தொழில் விளங்கும்? லோரியின் நெற்றியிலும் அதையேதான் எழுதி வைத்திருந்தார். கார்த்திகேசு சாமியையும் விட்டான், அப்பாவையும் விட்டான். 'செவா கானோப்பி கிள்ளான்' என்று மூன்று சொல்லை ஒட்டவைத்து வெப்சைட் பெயராக வாங்கிக்கொண்டான். செவா என்றால் மலாயில் வாடகை. கூடாரம் தேடும் மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ, கூகுளில் அடிப்பது அதைத்தான்.

அண்ணனும் ஒருநாள் அடித்துப் பார்த்தார். முதலில் வந்து நின்றான் மைத்துனன். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். தினமும் காலையில் பசியாறும்போது போனை எடுத்து அதையே அடிப்பார். உள்ளே போய் ஒரு படம் விடாமல் பெரிதாக்கிப் பார்ப்பார். தோசை ஆறிப்போகும்.

"இந்தத் திரைத்துணி நான் சொல்லிக் குடுத்த மடிப்பு. பாரு, என் மடிப்பு!" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் போனை நீட்டுவார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். மைத்துனனின் மேசைவிரிப்பில் பூ இருந்தால் பகட்டு, இல்லாவிட்டால் கஞ்சத்தனம்.

இந்த நேரத்தில்தான் மகள் ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் போகவேண்டும். அவனுக்கு வைக்காமல் வேறு யாருக்கும் வைக்க முடியாது. அச்சடித்து வந்த பத்திரிகைகள் சாமிமேடையில் அப்படியே கிடந்தன.

"மொதல்ல அவன கூகுள்ல கீழ எறக்குறேன். அப்புறம் பாத்துக்கலாம் பத்திரிகைய" என்றார் அண்ணன்.

"தாய்மாமன் இல்லாம என் பொண்ணு மணவறை ஏறணுமா? உங்க வயித்தெரிச்சலுக்கு ஒரு அளவே இல்லையா?" என்று அழுதார் உஷாராணி அக்கா. அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. என்னைக் காரை எடுக்கச் சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் குகன் என்று ஒருவர் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறார். அங்கே போனோம். அண்ணன் உட்கார்ந்ததும் தானே யோசித்து வைத்திருந்த பெயர்களைச் சொன்னார். எல்லாவற்றிலும் சாமி இருந்தது.

குகன் சிரித்தார். "அங்கிள், நம்ம மண்டையில இருக்கிற பேரு வேணாம். கஸ்டமர் விரல்ல இருக்கிற பேருதான் வேணும்."

தேடும் கட்டத்தில் பாதிச் சொல்லை அடித்துவிட்டு நிறுத்தினார். மீதியைக் கூகுளே கீழே வரிசையாகக் காட்டியது. மக்கள் அதிகம் தேடுவது அவைதானாம். அப்படித் தோண்டியதில் கல்யாணக் கூடாரத்துக்கு மலாய்ச் சொல்லான 'கெமா காவின்' கிடைத்தது. 'கெமா காவின் கிள்ளான்' என்ற பெயரை இன்னும் யாரும் வாங்கவில்லை. அண்ணன் உடனே வாங்கிக்கொண்டார்.

"இதப் போட்டா அவன் கீழ போயிருவானா?"

"எவரு அங்கிள்?"

அண்ணன் தன் போனில் அடித்துக் காட்டினார். முதலில் கார்த்திகேசு. குகன் தன் போனில் அதே சொற்களை அடித்தார். முதலில் வேறு யார் யாரோ வந்தார்கள். தள்ளிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்தான் கார்த்திகேசு.

"நீங்க தெனமும் அவரையே போய்ப் பாக்கிறீங்க. அதான் உங்க போன் அவரையே முன்னால கொண்டாந்து காட்டுது. மத்தவங்களுக்கு அவரு மூணாவது பக்கம்தான் அங்கிள்."

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். அண்ணனுக்கு வந்தது சந்தோஷம். "மூணாவது பக்கம்!" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குள் நுழையும்போதே, "உஷா, நாளைக்குக் காலையில உன் தம்பிக்குப் பத்திரிகை வைக்கப் போறோம்" என்று அறிவித்தார்.

மறுநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு கிள்ளானுக்குப் போனோம். நானும் கூட இருந்தேன். கார்த்திகேசுவின் கடைக்குள் கால்வைக்க இடமில்லை. தங்கநிற நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அண்ணனின் சிரிப்பு சுருங்கியதை நான் பார்த்தேன்.

"வியாபாரம் நல்லாப் போகுது போல" என்றார்.

"நீங்க வேற மாமா!" என்றான் கார்த்திகேசு. ஆள் இளைத்திருந்தான். "வெப்சைட்ட யாரு எந்த ஊர்லேருந்து பாக்கிறாங்கன்னு எனக்குக் காட்டும். தெனமும் காலையில உங்க தெலுக் பங்லிமா காராங்லேருந்து ஒருத்தரு வந்து ஒரு படம் விடாம பாக்கிறாரு. அங்கதான் ஃபேக்டரி நெறைய இருக்கே, ஏதோ பெரிய ஃபேக்டரி டின்னருக்குத்தான் பாக்கிறாங்கன்னு நெனச்சேன். ஆர்டர் வந்தா நாற்காலி பத்தாதேன்னு கையில இருந்ததெல்லாம் போட்டு வாங்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் வரல லா. உங்களுக்கு அங்க யாராச்சும் தெரிஞ்சா விசாரிச்சுச் சொல்லுங்க மாமா."

உஷாராணி அக்கா கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் தட்டில் இருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தான்" என்றார்.

"எது மாமா?"

"தெனமும் பாத்தது."

கார்த்திகேசு திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் மாமா அதுல போய்ப் பாத்தீங்க?" என்றான் அவன். "ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்து கூட்டியாந்து காட்டிருப்பேனே."

 அண்ணன் தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். ஷாமினி கல்யாணத்துக்கு அந்த நாற்காலிகள்தான் என்றார். நேற்று வாங்கிய பெயரையும் சொன்னார். "கெமா காவின் கிள்ளான். நீ வெச்சுக்க. அதுல ஆளு வரும், நாற்காலி போகும்." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெலுக் பங்லிமா காராங்குக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல பேருடா அது" என்றார் என்னிடம். "இனிமே நெசமாவே மொதல்ல வந்துருவான்."