வாக்குமூலத்தில் ஏறாத 'ஆம்'

என் சீனியர், வக்கீல் முத்திருளப்பன் இறந்த செய்தியை நீதிமன்ற வாசல் டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "சின்னமனூர் வக்கீலய்யா போயிட்டாகளாம்." சீனியர் அங்கிருந்தால், "நீ பாத்தியா?" என்று கேட்டிருப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். செய்தி சரிதான்.

இந்த இரங்கல் கூட்டத்தில் இருக்கும், அவருடன் பழகிய வக்கீல்களான உங்களுக்கு அந்தக் கேள்வி பழக்கம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடமே, "நீங்க பாத்தீகளா?" என்று கேட்டவர். நாம் சிரித்தோம். அதைக் கேட்காமல் அவர் விட்டது ஒரேயொரு முறை.

மார்க்கையன்கோட்டையில் வாய்க்கால் தகராறில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு. சீனியரின் கட்சிக்காரர் தவசி கூண்டில் நின்றார். மற்ற சாட்சிகள் பிறழ்ந்துவிட, மிஞ்சியவர் பக்கத்து வயல் பேச்சியம்மாள். "தவசிதேன் வெட்டுனானாம்" என்றார். அந்தக் கடைசி 'ஆம்', நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள்படும். கேள்விப்பட்டது சாட்சியமாகாது. ஆகவே சீனியர் எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

நீதிபதி நல்ல தமிழில் பற்றுள்ளவர். சாட்சிகளின் கொச்சையைத் திருத்தித்தான் தட்டச்சருக்குச் சொல்வார். வாக்குமூலத்தில், "தவசிதான் வெட்டினான்" என்று ஏறியது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படித்துக்காட்டப்பட்டுச் சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அடியில் ஒரு வரி. அதன்கீழ் பேச்சியம்மாளின் கைநாட்டு. தவசிக்கு ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டில் காகிதத்தைத்தான் படிப்பார்கள். அந்த 'ஆம்' பற்றிச் சீனியர் பதினோரு பக்கம் எழுதினார். நீதிபதிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஏன் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்றார்கள். அதற்குள் பேச்சியம்மாளும் இறந்திருந்தார். தண்டனை உறுதியானது.

தவசியின் மனைவி அலுவலகம் வந்தபோது நான் சீனியரிடம் புதிதாகச் சேர்ந்திருந்தேன். "ஒரு சொல்லு விட்டுப்போனதுக்கா அய்யா, அவுக உள்ள கெடக்காக?" என்றார்.

"சொல்லு விட்டுப்போகல ஆத்தா. நான் கேக்காம உக்காந்துட்டேன்" என்றார் சீனியர்.

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். பிறகு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

நீதிபதிக்கும் தட்டச்சருக்கும் இப்போது நினைவில்லை. கூண்டில் நின்ற தவசியும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் குற்றவாளி; அவர் சொல் எடுபடாது. மிச்சமிருந்தவர் சீனியர் ஒருவர்தான். விசாரணை நடந்த அன்று நான் சட்டக் கல்லூரியில் இருந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பேச்சியம்மாள் சொன்னதாக அவர் சொன்ன அந்த ஒரு சொல். தவசிக்காக எந்த நீதிமன்றத்திலும் அதை நான் எழுந்து சொல்ல முடியாது. நான் நேரில் கேட்கவில்லை.