பம்புசெட்டும் அப்செட்டும்

எனக்கு ஆறு வயதில் காதுகுத்து. பந்தல் வாசலில் கட்டிய பேனரில் தாய்மாமன் என்று சின்ன மாமாதான் கூலிங்கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மாமா படத்திலும் இல்லை, ஆளையும் காணோம். எனக்கோ பெரிய மாமா மடியில்தான் உட்கார வேண்டும். சின்ன மாமா தலையில் குட்டுகிறவர். அதுவும் அன்றைக்கு எனக்கு மொட்டைத் தலை!

ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஆசாரி, “பெரியவரு எங்கங்க? நேரம் போவுதுல்ல,” என்றார்.

அப்பா குரலைத் தணித்து, “பெரிய மச்சான் அப்செட்ல இருக்காருங்க. சின்ன மச்சானை வச்சே முடிச்சிருவோம்,” என்றார்.

எங்கள் வேப்பந்தட்டைப் பக்கத்தில் செட் என்றால் பம்புசெட்டுதான். அப்பா அவசரத்தில் முதலெழுத்தை விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்செட் என்ற சொல்லுக்கு ஆதியில் நிமிர்த்தி நிறுத்துவது என்றுதான் பொருளாம். பிறகு வண்டி குடைசாய்வதற்கு ஆகி, கடைசியில் மனசு குடைசாய்வதற்கு வந்திருக்கிறது. இதெல்லாம் கல்லூரியில் அகராதி புரட்டித் தெரிந்துகொண்டது. ஆறு வயதில் எனக்கு ஏது அகராதி? மக்காச்சோளக் கொல்லை வழியாகப் பம்புசெட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். மொட்டையில் பூசிய சந்தனம் வழிந்து கண்ணெல்லாம் எரிந்தது.

பெரிய மாமா அங்கேதான் இருந்தார். மோட்டார் ஓடவில்லை. காய்ந்த தொட்டி ஓரத்தில் புதுவேட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நான் இங்க இருக்கேன்னு யாரு புள்ள சொன்னா?”

“அப்பாதான். நீங்க அப்செட்ல இருக்கீங்கன்னாரு.”

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“சின்ன மாமா மடியில உக்கார சொல்றாங்க. நான் மாட்டேன். வாங்க மாமா,” என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தலில் அம்மா மட்டும் ஓடிவந்து அவருக்கு மணையைப் போட்டாள்.

ஊசி இறங்கியது என் காதில். அழுததென்னவோ மாமா, அதுவும் விக்கி விக்கி. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊசி என்றால் பயம் என்று தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்தேன். பிள்ளையில்லாதவர் மடியில் குழந்தையை உட்காரவைக்கக் கூடாது என்று முதல் நாளே வீட்டில் பேசி முடித்திருந்தது எனக்கு எங்கே தெரியும்?