தங்கை வீட்டுக்காரர் வார்டுக்கு வந்த மாதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு ராணுவ மருத்துவமனையில் சிவிலியன் கிளார்க்காக இருந்தேன். ஆவடியிலிருந்து ரயில் ஏறி, பிறகு பஸ் மாறிப் போகவேண்டும். என் மேசை மனநல வார்டின் வாசலை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. அந்த வார்டில் பாதிப் பேர் குடியால் வந்தவர்கள். தாமாக வருகிறவர்கள் அபூர்வம். யூனிட்டிலிருந்து காவலுக்கு ஆள் போட்டுக் கூட்டிவருவார்கள். கூடவே கமாண்டிங் ஆபீசரின் அறிக்கையும் வரும். அதை வாங்கிப் பதிந்து, புது ஃபைல் போட்டு, டாக்டர் மேசையில் வைப்பது என் வேலை.

டாக்டர் ஒரு மேஜர். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல் பேசுவார். நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார்: "இங்கே வர்ற ஆளுக்கு என்ன வியாதின்னு மட்டும் இல்ல, அவர் இங்கே வந்தார்ங்கறதே வெளியே போகக்கூடாது." நான் தலையாட்டினேன். அது பெரிய கஷ்டமாகவும் இல்லை. பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த சிப்பாய்களின் கதையை ஆவடியில் யாரிடம் சொல்லப்போகிறேன்?

ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு சிப்பாய்கள் நடுவில் ஒருவரைக் கூட்டிவந்து என் ஜன்னல் முன் நிறுத்தினார்கள். அறிக்கையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். என் தங்கையின் கணவர்.

அவர் திருமழிசைக்காரர். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அண்ணன் அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருந்தார். அந்தத் தெருவிலிருந்து ராணுவத்துக்குப் போன முதல் ஆள் இவர்தான். டிரைவர் வேலைக்குத் தேர்வாகிப் போனபோது தெருவே பஸ் நிறுத்தம்வரை வந்து மாலை போட்டு அனுப்பியதாம். என் தங்கையைக் கட்டியபின், எங்கள் பக்கமே இருந்த ஒரு யூனிட்டுக்கு மாற்றலாகி வந்தார். நெமிலிச்சேரியில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கையையும் பெண் குழந்தையையும் வைத்திருந்தார். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவார். குடிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். கேன்டீனில் ரம் கிடைக்கிறது, மிலிட்டரிக்காரர் குடிக்காமல் இருப்பாரா என்று விட்டுவிட்டோம். சத்தம் போடமாட்டார், கை ஓங்கமாட்டார். அதனால் அதை ஒரு நோயாக யாரும் நினைக்கவில்லை.

யூனிட்டே ராஜஸ்தானுக்குப் பயிற்சிக்குப் போகிறது, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பாலைவனத்திலிருந்து கடிதம் போடமுடியாது என்று சொல்லிவிட்டு முந்தின வாரம்தான் தங்கையிடம் விடைபெற்றிருந்தார். அந்த ஆள் என் முன்னால், மடிப்புக் கலையாத சட்டையில், நடுங்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தில் இரத்தமே இல்லை. நான் இந்த மருத்துவமனையில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். இந்த வார்டில் என்பது தெரியாது.

சிப்பாய்கள் கையெழுத்துப் போட உள்ளே போன இடைவெளியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மனைவியின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணி, அவகிட்ட சொல்லிடாதீங்க. ராஜஸ்தான் போறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

"சொல்லமாட்டேன்," என்றேன்.

ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன். "சார், இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்." அவர் என் கையிலிருந்து ஃபைலை வாங்கி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்தக் கேஸ் இனி உங்க கைக்கு வராது. வேற ஆள் பார்த்துக்குவார். நீங்க இதைப் படிக்கவேண்டாம், அவர் உங்களைப் பார்த்துக் கூசவும் வேண்டாம்."

"என் தங்கச்சிக்குத் தெரியவேணாமா சார்?"

"தெரியணும். ஆனா அதை அவர்தான் சொல்லணும்."

முதல் சில நாட்கள் அவருக்கு மோசமாக இருந்தது. குடி நின்ற உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அந்த நாட்களில் எல்லாருமே பயந்து கத்துவார்கள். உள்ளேயிருந்து வருகிற சத்தங்களில் எது அவருடையது என்று கேட்டுக்கொண்டே வேறு யாருடைய அறிக்கையையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பல நாள் தங்கை குழந்தையோடு வந்து உட்கார்ந்திருப்பாள். "ராஜஸ்தான்ல வெயிலு இப்ப இன்னா காயுதோ, மனுசனுக்கு வெயிலே ஆவாது," என்பாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் அவள் முகமே வேறாக இருந்தது. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே ஆரம்பித்தாள்.

"அவருகூட வண்டி ஓட்ற ஆளு, ஆவடி மார்க்கெட்ல மீன் வாங்கினு நிக்கறாருக்கா. 'இன்னா அண்ணாத்தே, நீங்க ராஜஸ்தான் போவலியா'ன்னு கேட்டேன். 'இன்னாம்மா ராஜஸ்தான்'னு முழிக்கிறாரு. அப்பறம் சமாளிச்சுகினு, 'நான் லீவு போட்டுட்டேன்'னாரு. மூஞ்சியே சரியில்ல அந்தாளுக்கு."

"லீவா இருக்கும்."

"பொய்யிக்கா. யூனிட்டே எங்கயும் போவல. இந்த மனுசன் எவளையோ வெச்சினுகீறாரு. அதான் ஒரு மாசம் கணக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

அவள் விடிந்ததும் யூனிட்டுக்குப் போய், கமாண்டிங் ஆபீசர் முன்னால் நின்று, என் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அப்படிப் போனால் அங்கே ஆபீசில் நாலு பேர் எதிரில் யாராவது விஷயத்தை உடைப்பார்கள். அவர்மேல் இன்னொரு புகாரும் ஏறும். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. நானும் விசாரிக்கறேன்," என்று கெஞ்சி அனுப்பினேன்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். "சார், கிளார்க்கா இல்ல, அண்ணியா அவரோட ஒருதடவை பேசலாமா?" அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சரின்னார். பேசுங்க," என்றார்.

வார்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தார். மருத்துவமனை உடுப்பு தோளில் தொங்கியது. நடுக்கம் குறைந்திருந்தது. தங்கை நினைப்பதைச் சொன்னேன். வேறொரு பெண் என்று நம்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாள் என்றேன்.

அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். "அப்டியே நெனைக்கட்டும் அண்ணி."

"என்ன சொல்றீங்க?"

"பொம்பள விசயம்னா அழுவா, அடிப்பா, அப்பறம் ஊட்டுக்குள்ள சேத்துக்குவா. பைத்தியக்கார வார்டுல கீறேன்னா? எங்க தெரு இன்னா சொல்லும்? எம்பொண்ண நாளைக்கு இன்னா சொல்லிக் கூப்புடுவானுங்க?"

அந்தக் கணக்கு அவருக்கு நியாயமாகவே பட்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் வாயால் சொல்லாத ஒன்றை நான் சொல்லமாட்டேன் என்பதில் அவர் சந்தேகமே படவில்லை. அந்த நம்பிக்கைதான் என்னைக் கட்டிப்போட்டது.

சனிக்கிழமை மதியம் தங்கை வந்தாள். குழந்தையைக் கீழே விட்டு, கதவைச் சாத்தினாள். மார்க்கெட்டில் பார்த்த அந்த டிரைவரின் மனைவி அவளைத் தேடி வந்திருக்கிறாள். உன் புருஷனைக் காவல் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், தலை சரியில்லாதவர்களை வைக்கிற வார்டாம் என்று பரிதாபப்படுவதுபோல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நீ வேலை செய்யற எடத்துலயா கீறாரு?"

"அங்க யார் இருக்காங்க, யார் இல்லன்னு நான் யார்கிட்டயும் சொல்றது இல்ல."

"நான் யாரோவா?"

"நீ யாரோ இல்ல. ஆனா..."

"அக்கா, நான் வேற எதுவும் கேக்கல. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. எழுந்து போயிடறேன்."

இல்லை என்று சொல்வது எனக்குச் சுலபம்தான். சொன்னால் அவள் நம்புவாள். மறுநாள் யூனிட்டுக்குப் போய்க் கத்துவாள். ஆமாம் என்று சொன்னால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டவருக்கு நான் சொன்ன சொல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவளே போய் அடுப்பைத் தணித்தாள். திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மௌனமாக இருந்தால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் முன்னால் மௌனமும் ஒரு பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மருத்துவமனை கேட்டின் முன்னால் குழந்தையோடு நின்றிருந்தாள். எந்த வார்டு, எந்த நோயாளி என்று காவலர் கேட்டார். அவள் கணவர் பெயரைச் சொன்னாள், வார்டு தெரியாது என்றாள். காவலர் போனில் உள்ளே பேசிவிட்டு, ஓரமாக நிற்கச் சொன்னார். நான் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை நிழலில் நின்றேன். என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மற்ற நோயாளிகளின் வீட்டார் தூக்குச் சட்டியோடு வந்து, பெயர் சொல்லி, உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். உன் மனைவி வந்திருக்கிறாள், நீ இங்கே இருப்பதாகச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டிருப்பார்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று காவலர் அவளைத் திருப்பி அனுப்புவார். வெயில் ஏறியது. குழந்தை அழ ஆரம்பித்தது. தங்கை சாலையின் அந்தப் பக்கமிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"இப்பகூட உன்னால ஒரு வார்த்த சொல்ல முடியாதுல்ல?"

டீக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் வார்டு உதவியாளர் ஒருவர் கேட்டுக்கு வந்தார். "நீங்கதான் அவரோட வீட்டுக்காரம்மாவா? வரச்சொன்னாரு."

"யாரு, டாக்டரா?"

"இல்லம்மா. அவருதான்."

அவள் உள்ளே போனாள். நான் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே நடந்ததை வெகுகாலம் கழித்து அவரே எனக்குச் சொன்னார். யாரிடமோ சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தாராம். அவள் அடிக்கத்தான் வந்திருக்கிறாள். இன்னும் லேசாக நடுங்கிய அவர் கையைப் பார்த்ததும் அடிக்க மனம் வரவில்லை. முந்தைய யூனிட்டில் இருந்தபோது மலைப்பாதையில் வரிசையாக லாரிகள் போகும்போது, முன்னால் போன வண்டி அவர் கண்ணெதிரிலேயே பள்ளத்தில் விழுந்ததையும், அதை ஓட்டியவன் அன்று காலை அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்பதையும், அதற்குப் பிறகு குடிக்காமல் தூக்கம் வந்ததே இல்லை என்பதையும் அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னாராம். கல்யாணமாகி அத்தனை நாள் ஆகியும் அவளுக்கு அது தெரியாது.

யூனிட்டுக்குத் திரும்பியதும் அவருடைய மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கியது. ஸ்டியரிங்கைப் பறித்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பதவி உயர்வும் நின்றது. ஒருமுறை மறுபடி குடியில் வழுக்கினார். அந்தத் தடவை பொய் சொல்லவில்லை, தங்கையே கூட வந்து சேர்த்தாள். அதற்குள் நான் எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தேன். பின்னாளில் ஓய்வு பெற்று வேலை தேடிப் போன முதல் கம்பெனியில், கேட்டகரி ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. பிறகு திருமழிசை எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி, எதையும் கேட்காமல் ஸ்டோர் கீப்பராக எடுத்துக்கொண்டது.

தங்கை அவரை ஏற்றுக்கொண்டாள். என்னை இல்லை. தீபாவளிக்கு அவரையும் குழந்தையையும் பலகாரத்தோடு அனுப்புவாள், தான் வரமாட்டாள். ஒருமுறை பட்டாபிராம் ஸ்டேஷனில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். ரயில் வரும்வரை பேசாமல் நின்றவள், வண்டி வருகிற சத்தம் கேட்டதும் சொன்னாள்:

"நீ சொல்லாதது சரின்னு டாக்டர் சொன்னாரு. சரியாவே இருக்கட்டும். ஆனா அந்த வாரம் பூரா எவளோ ஒருத்தி மூஞ்சிய நெனச்சினு படுத்துக் கெடந்தேன். நீ எதிர்ல உக்காந்து எனக்கு சோறு போட்ட."

வண்டி வந்து நின்றது. அவள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அவள் மருத்துவமனைக்கு வந்த அந்த நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட வந்த மகள் வளர்ந்திருந்தாள். பின்னால் இன்னொரு பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அந்த டிரைவரின் மனைவி. அன்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனவள். என்னைக் கண்டதும் அவள் முன்னால் வந்து, "அக்கா, எங்க ஊட்டுக்காரரு நாலு நாளா ஊட்டுக்கு வரல, உங்க ஆஸ்பத்திரில..." என்று ஆரம்பித்தாள்.

தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இவளக் கேக்காத. சொல்லமாட்டா. நேரா ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போய் உன் ஊட்டுக்காரரு பேரச் சொல்லி நில்லு. நானும் வரேன்."

என்னிடம் திரும்பி, "பாப்பாவுக்கு மத்தியானம் சோறு போட்ரு," என்றாள். இருவரும் ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தார்கள்.